காசிமேட்டுல 7 அடி அகலக் கால்வாய்ப் படகு கட்டினா எண்ணூர் – பழவேற்காடு ஓடுமா?

கேள்வி: தகடு_வெல்டர்_காசிமேடு

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல கால்வாய்கள்ல ஓடுற நாரோபோட் படங்கள் நிறைய பாத்திருப்பீங்க. ரயில் பெட்டி மாதிரி நீளம், ஆள் படுத்தா தலையும் காலும் ரெண்டு பக்கச் சுவரையும் தொடுற அகலம், உள்ளயே சமையல், படுக்கை எல்லாம். அதே மாதிரி 40 அடி நீளம், 7 அடி அகலத்துல ஒண்ணு இங்க கட்டலாம்னு ஒரு பார்ட்டி கேக்குறாங்க. எண்ணூர்ல கிளம்பி பக்கிங்ஹாம் கால்வாய் வழியா பழவேற்காடு போய் ராத்திரி தங்கித் திரும்பணும். ஆள் நாலு பேர்.

அடித்தகடு 10 எம்எம், பக்கம் 6, கூரை 4, ஐஎஸ் 2062 தகடு. 30 ஹெச்பி டீசல். தகடு வெட்டி வளைச்சு ஒட்டுற வேலை பிரச்சினை இல்ல. எனக்குத் தெரிய வேண்டியது மூணு விஷயம். அவங்க ஏன் சரியா 7 அடில நிறுத்துனாங்க? அந்தக் காலத்துல குடும்பமே இருந்தாங்கன்னு சொல்ற பின்பக்க அறை எப்படி அமைஞ்சிருக்கும்? பார்ட்டிக்கு அதே பழைய மாடல்தான் வேணுமாம். அப்புறம், நம்ம உப்புத்தண்ணிக்கு எதையெல்லாம் மாத்தணும்?

பதில் 1: லாக்கு_கணக்கு

7 அடிங்கறது படகோட அளவே இல்ல, லாக்கோட அளவு. லாக்குன்னா கால்வாய்ல ரெண்டு பக்கமும் கதவு வச்ச தொட்டி, உள்ள தண்ணியை ஏத்தி இறக்கிப் படகை மேலயும் கீழயும் கொண்டு போகும். முதல்ல இது தெளிவாகணும். தெளிவாயிட்டா உங்க பாதிக் கேள்வி தானா விழுந்துடும்.

இங்கிலாந்தோட நடுப்பகுதி மேடு பள்ளமான ஊரு. கால்வாய் மேடேறணும்னா படிக்கட்டு மாதிரி லாக் கட்டணும். ஜேம்ஸ் பிரிண்ட்லிங்கற இன்ஜினியர் போட்ட ட்ரெண்ட் – மெர்ஸி கால்வாய்க்கு 1766ல அனுமதி கிடைச்சு 1777ல வேலை முடிஞ்சுது. நடுவுல ஹேர்காஸில் மலைக்குள்ள ரெண்டரை கிலோமீட்டருக்கு மேல சுரங்கம் குடையணும். அதுக்கே 11 வருஷம் ஆச்சு. குதிரை நடக்கப் பாதைகூட இல்லாத அளவுக்கு ஒடுக்கமா குடைஞ்சாங்க. ஆளுங்க படகு மேல மல்லாக்கப் படுத்து, சுரங்கச் சுவத்துல காலால நடந்து படகைத் தள்ளுவாங்க. குதிரையை மலை மேலாக நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. சுரங்கம் ஒடுக்கம்னா லாக்கும் ஒடுக்கமா இருந்தாப் போதும். லாக்கு 7 அடி சொச்சம் அகலம், 72 அடி அளவு நீளம். அதுல உராயாம நுழைய படகு 6 அடி 10 அங்குலம். இந்தக் கணக்கு மத்த கால்வாய்களுக்கும் பரவி அப்படியே உறைஞ்சு போச்சு.

இன்னொரு காரணம் தண்ணி. 72 அடி நீளம், 7 அடி அகலம், 7 அடி ஏற்றம்னு ஒரு லாக்கை எடுத்துக்குங்க. ஒரு தடவை காலி பண்ணினா 3,500 கன அடி கீழ போகுது, அதாவது சுமார் 1 லட்சம் லிட்டர். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணி லாரி எட்டு! ஒரே ஒரு படகு இறங்க இவ்வளவு. உச்சில இருக்குற ஏரியிலேந்துதான் இது வரணும். அகலத்தை ரெண்டு மடங்காக்கினா தண்ணியும் ரெண்டு மடங்கு செலவாகும்.

நம்ம கால்வாய்ல இந்த ரெண்டு காரணமும் கிடையாது. பேசில் காக்ரேன்ங்கற வெள்ளைக்கார வியாபாரி காலத்துல, 1806 வாக்குல, சென்னையிலேந்து எண்ணூர் வரை வெட்டினது கடலோரமா சமதரையில ஓடுது. மலையும் இல்ல, உச்சி ஏரியும் இல்ல. பின்னாடி வடக்கே ஆந்திராவுல பெத்தகஞ்சாம் வரைக்கும் தெற்கே மரக்காணம் வரைக்கும் நீட்டினாங்க. 1877–78 பஞ்ச நிவாரண வேலையா கூவத்தையும் அடையாறையும் இணைச்சு, கவர்னர் பக்கிங்ஹாம் பேரை வச்சாங்க. இதுல இருந்த லாக்குங்க மலையேற வச்சதில்ல. ஆறும் முகத்துவாரமும் குறுக்கிடற இடத்துல ஓதம் ஏறி இறங்குறதைத் தடுத்து, கால்வாய்த் தண்ணி மட்டத்தைக் காப்பாத்த வச்சது. அரிசி, உப்பு, சவுக்கு விறகு ஏத்தின படகுங்க இதுல வந்து போச்சு. அதுங்களுக்கு 7 அடிக் கட்டாயம் எதுவும் இல்ல.

ஆக, 7 அடி வேணும்னு பார்ட்டி பிடிவாதம் பிடிச்சா அது அழகுக்காக மட்டும்தான்.

பதில் 2: அடுப்பும்_படுக்கையும்

பின்னறை பத்திச் சொல்றேன். சரக்குப் படகுல மொத்த நீளம் 70 அடி இருந்தாலும் குடும்பத்துக்குக் கிடைச்சது கடைசி 8லேந்து 10 அடிதான். மீதி முழுக்க சரக்கு, பெரும்பாலும் நிலக்கரி. ஒரு படகு 25 டன் அளவு ஏத்தும். இன்ஜின் வந்த பிறகு இன்ஜின் படகு ஒண்ணு, அதுக்குப் பின்னாடி இன்ஜின் இல்லாத ஜோடிப் படகு ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து 50 டன்னை ஒரே குடும்பம் ஓட்டும்.

அமரத்துப் பக்கம், அதாவது படகோட பின்முனையில, ரெண்டு சின்னக் கதவு, மேல தள்ளித் திறக்குற மூடி. உள்ள இறங்க முதல்ல கால் வைக்கிற படியே ஒரு பெட்டி, அதுக்குள்ள அடுப்புக் கரி. இறங்கினதும் இடது கைப்பக்கம் இரும்பு அடுப்பு, புகைக்குழாய் கூரைக்கு மேல. சுக்கான் பிடிக்கிறவர் அந்தப் படியில நின்னுதான் ஓட்டுவார், இடுப்புக்கு மேல வெளியில பனி, காலுக்கு அடுப்புச் சூடு. அடுப்புக்கு அடுத்தது மேசை அலமாரி. இதைக் கவனமாப் பண்ணணும், ஏன்னா அந்த அறையோட மூளையே இதுதான். அலமாரிக் கதவுக்குக் கீல் பக்கவாட்டுல இல்ல, அடியில. மேல் கொக்கியை எடுத்தா கதவு முன்னால விழுந்து மேசையாகும். உள்ள தட்டுல ரொட்டி, வெண்ணெய், கோப்பைங்க. சாப்பிட்டு முடிச்சு மூடினா நடக்க வழி. கதவோட உள்பக்கம்தான் மேசையா விரியும், அதனால அந்தப் பக்கம் வழவழன்னு இருக்கணும். வெளிப்பக்கம் கோட்டையும் ரோஜாவும் வரைஞ்சிருக்கும்.

வலது பக்கம் நீளவாக்குல பெஞ்சு, பகல்ல உக்கார, ராத்திரி ஒருத்தர் படுக்க. அடியில பெட்டி. அறையோட அணியத்துப் பக்கக் கடைசியில, அதாவது முன்முனைப் பக்கம், குறுக்குப் படுக்கை. பகல்ல இது சுவர் அலமாரிக்குள்ள மடிஞ்சிருக்கும். ராத்திரி பலகையை இறக்கினா நடைபாதையை அடைச்சு எதிர்ப் பெஞ்சு வரைக்கும் நீளும். மூணரை அடி அளவு அகலம், நீளம் படகோட உள்ளகலம்தான். தகடு, மரப்பலகை எல்லாம் போனா ஆறேகால் அடி தேறினாப் பெரிசு. கூரையும் குனிஞ்சு நடக்குற உயரம். உயரமான ஆளை வச்சு முதல்லயே படுக்க வச்சுப் பாத்துடுங்க. முன்னாடி லேஸ் திரை, சுவத்துல ஓரம் ஓட்டை போட்ட பீங்கான் தட்டு, பித்தளைக் குமிழ். இந்த மூணு இல்லாட்டி பழைய மாடல்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

குழாய்த் தண்ணி உள்ள கிடையாது. கூரை மேல மூடி போட்ட தகரக் குடம் ரெண்டு, ஒவ்வொண்ணும் 13 லிட்டர் அளவு. லாக்குப் பக்கத்துக் குழாயில ரொப்பிக்குவாங்க. துணி துவைக்கிறது கரையில. கழிவறைன்னு தனியா இல்ல, வாளிதான்.

இதை ரொம்ப ரசிச்சுப் பேசுறவங்க ஒண்ணை விட்டுடுவாங்க. குடும்பம் படகுக்கு வந்தது ஆசையால இல்ல. 1840கள்ல ரயில் வந்து சரக்குக் கூலியை அடிச்சு இறக்கிச்சு. கரையில வீட்டு வாடகையும் கட்டி, கூடவர்ற ஆளுக்குச் சம்பளமும் கொடுக்க முடியல. பொண்டாட்டி புள்ளைங்களை ஏத்திக்கிட்டா ரெண்டும் மிச்சம். புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடமும் இல்ல. 1877லயும் 1884லயும் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்து, பதிவும் பரிசோதனையும் கட்டாயமாச்சு. 12 வயசுக்கு மேல உள்ள ஒவ்வொருத்தருக்கும் 60 கன அடி, சின்னவங்களுக்கு 40 கன அடி காத்துவெளி இருக்கணும்னு விதி.

உங்க கணக்குக்கு இதை அப்படியே பிடிங்க. 9 அடி நீளம், ஆறேகால் அடி அகலம், அஞ்சேகால் அடி உயரம்னா 295 கன அடி. அடுப்பு, அலமாரி, பெஞ்சு அடைக்கிறதைக் கழிச்சா நாலு பெரியவங்களுக்கு வேண்டிய 240 தேறாது. 19ஆம் நூற்றாண்டுச் சட்டமே ஒத்துக்காத கூட்டத்தை வாடிக்கையாளரை வச்சு அடைக்காதீங்க. பின்னறை ரெண்டு பேருக்கு, மத்தவங்களுக்கு நடுவுல தனிக் கேபின்.

தகடு_வெல்டர்_காசிமேடு

அலமாரிக் கதவு அடியில கீல்னு சொன்னது படத்துல புரியவே இல்ல, இப்பதான் புரிஞ்சுது. பின்னறை ரெண்டு பேருக்குன்னு எழுதிக்கிட்டேன். இப்ப அடிப்பாகம், ஷாஃப்ட், கூலிங். கடல் லாஞ்சுக்குப் பண்ற மாதிரியே பண்ணிடலாமா?

பதில் 3: ஷாஃப்ட்_கிளாண்ட்

பாதி அதே, பாதி வேற.

கூலிங்தான் பெரிய வித்தியாசம். லாஞ்சுல கடல் தண்ணியை பம்ப் உறிஞ்சி ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு அனுப்பும். கால்வாய்ல அப்படி வச்சா அரை மணி நேரத்துல ஸ்ட்ரெய்னர்ல பிளாஸ்டிக் கவரும் சேறும் அடைச்சு இன்ஜின் சூடாயிடும். நாரோபோட்ல வெளித்தண்ணியை உள்ள எடுக்கவே மாட்டாங்க. இன்ஜின் பக்கத்துல, தண்ணி மட்டத்துக்குக் கீழ, பக்கத் தகட்டுக்கு உள்பக்கமா ஒரு தட்டையான தொட்டி வெல்டு பண்ணியிருப்பாங்க. கூலன்ட் அதுக்குள்ளயே சுத்தும், படகுத் தகடே ரேடியேட்டர். தொட்டி ஒண்ணு, ஒண்ணரை அங்குலத் தடிமன் போதும், ஆனா உள்ள குறுக்குத் தடுப்பு வச்சுத் தண்ணியைப் பாம்பு மாதிரி வளைச்சு அனுப்பணும். தடுப்பு இல்லாட்டி சூடு தண்ணி நேரா குறுக்க ஓடித் திரும்பிடும். சூடு மேல நுழையணும், குளிர்ந்தது அடியிலேந்து திரும்பணும், உச்சியில காத்து எடுக்க ஒரு ஸ்க்ரூ. இந்த ஸ்க்ரூவை மறந்துட்டு, தொட்டி பத்தலைன்னு ரெண்டாவது தொட்டி போட்டவங்க உண்டு.

அளவு: அங்க 4 ஹெச்பிக்கு 1 சதுர அடின்னு கணக்கு. 30 ஹெச்பிக்கு ஏழரை. அதை அப்படியே எடுக்காதீங்க. கூலன்ட் 80 டிகிரி, அவங்க தண்ணி 12 டிகிரின்னா வித்தியாசம் 68. நம்ம கால்வாய் 30 டிகிரி, வித்தியாசம் 50. அதுக்கே சுமார் 35 சதவீதம் பரப்பு கூட வேணும். வெளித்தகட்டுல கொட்டலசு, சிப்பி ஒட்டினா இன்னும் குறையும். 12 சதுர அடி போடுங்க.

ப்ரொப்பெல்லருக்கு மேல களை மூடின்னு ஒரு பெட்டி வைப்பாங்க. இன்ஜின் ரூம்லேந்தே மூடியைத் திறந்து கையை விட்டு ப்ரொப்பெல்லர்ல சுத்தினதை எடுக்கலாம். நம்ம கால்வாய்க்கு இது இல்லாம படகே வேண்டாம், ஆகாயத்தாமரை வேர், நைலான் வலை, பழைய சேலை எல்லாம் சுத்தும். பெட்டியோட மேல் விளிம்பு முழு லோடுலயும் தண்ணி மட்டத்துக்கு 6 அங்குலம் மேல இருக்கணும். கையை விடறதுக்கு முன்னாடி சாவியை எடுத்து சட்டைப்பையில போடணும். மூடியைத் திரும்ப இறுக்காம கியர் போட்டா ப்ரொப்பெல்லர் தண்ணியை அப்படியே உள்ள வாரி அடிக்கும், இன்ஜின் ரூம் நிமிஷத்துல ரொம்பும். இங்கிலாந்துல நின்ன இடத்துல மூழ்குற படகுங்கள்ல இது ஒரு வழக்கமான காரணம்.

ஸ்டெர்ன் கிளாண்ட், அதாவது ஷாஃப்ட் வெளிய போற இடத்துல தண்ணி புகாம தடுக்குறது, உங்களுக்குத் தெரிஞ்சதுதான், கயிறு பேக்கிங். ஷாஃப்ட்டைச் சுத்தி ஸ்பிரிங் மாதிரி ஒரே கயிறா சுத்தாதீங்க. தனித்தனி வளையமா வெட்டி, முனையைச் சரிவா வெட்டி, ஒவ்வொரு மூட்டும் வேற வேற பக்கம் வர்ற மாதிரி நாலு வளையம். ஓடுறப்ப நிமிஷத்துக்கு ரெண்டு மூணு சொட்டு விழணும். சொட்டே விழாம இறுக்கினா பேக்கிங் கருகி ஷாஃப்ட்டுல கோடு விழும், அப்புறம் எந்த பேக்கிங்கும் நிக்காது. கையால தொட்டுப் பாத்தா கிளாண்ட் வெதுவெதுப்புக்கு மேல போகக் கூடாது. சாயங்காலம் நிறுத்தினதும் கிரீஸ் கப்பை ஒரு சுத்து திருகினா ராத்திரி சொட்டு நிக்கும்.

அடித்தகடு பத்தி. 40 அடிக்கு 10 எம்எம் அடித்தகடு மட்டும் சுமார் 1.8 டன். இந்த மாதிரி தட்டை அடிப் படகு 10 செ.மீ. அமுங்க 2 டன்னுக்குக் கொஞ்சம் மேல வேணும். அதனால ப்ரொப்பெல்லர் மூழ்க கட்டாயம் பாரம் கட்டணும், அங்க நடைபாதைக் கல்லு, செங்கல் அடுக்குவாங்க. கல்லை நேராத் தகட்டு மேல வைக்காதீங்க, அடியில தேங்குற தண்ணி உள்பக்கத்திலேந்து அரிக்கும். ரீப்பர் வச்சு மேல அடுக்குங்க, பாதி லோடு வரைக்கும் போட்டு மிதக்க விட்டு, சாய்வு பாத்து மீதியை வையுங்க.

உப்புக்கு: ஆனோடுன்னா படகுத் தகடு அரிக்காம இருக்க, அதுக்குப் பதிலா தான் கரையிற உலோகக் கட்டி. மக்னீசியம் ஆனோடு நல்ல தண்ணிக்கு. கடல்தண்ணியில வேகமாக் கரைஞ்சு போறதோட பெயின்டையும் கொப்புளமாக்கும். முகத்துவாரத்துக்கு அலுமினியம் ஆனோடு. அணியத்துல ரெண்டு, அமரத்துல ரெண்டு. பெயின்ட் அடிக்கிற பையன் ஆனோடு மேலயும் சேர்த்து அடிச்சுடுவான், அப்படி அடிச்சா அது வெறும் இரும்புக் கட்டிதான், பேப்பர் ஒட்டி மறைச்சுடுங்க. அங்க பூசுற பிட்டுமன் இங்க நிக்காது, எபாக்ஸிதான்.

பதில் 4: முகத்துவாரம்

எல்லாரும் படகைப் பத்திப் பேசுறீங்க, ஓட்டப் போற தண்ணியைப் பத்தி யாரும் பேசல.

நாரோபோட்டுக்கு இன்ஜின் பின்னாடி காத்தோட்டக் கிராதி, தண்ணி வடியிற ஓட்டை எல்லாம் தண்ணி மட்டத்துக்கு ஓரடிக்குள்ளயே இருக்கும். அலையில்லாத கால்வாய்க்கு அது போதும். கொசஸ்தலையாறு சேர்ற எண்ணூர் முகத்துவாரத்துலயும், மதியம் கடல்காத்து எழும்புற பழவேற்காடு ஏரியிலயும் அது போதாது. பக்கவாட்டு அலை ரெண்டு அடிச்சா கிராதி வழியா உள்ள வரும். 7 அடி அகலத்துல நாலு பேர் கூரை மேல ஒரு பக்கமா செல்ஃபி எடுக்க நின்னாலும் அதே கதை. அகலத்தை 10 அடியாக்குங்க, கிராதியையும் ஓட்டையையும் மேல ஏத்துங்க, கூரை மேல உக்காரவே இடம் குடுக்காதீங்க. அகலம் கூடினா அதே எடைக்குப் படகு ஆழமும் குறைவா அமுங்கும். ஏரியில பல இடத்துல இடுப்பளவுத் தண்ணிதான், ரெண்டரை அடி ஆழம் அமுங்குற படகு சேத்துல உக்காரும்.

ஆழம் குறைஞ்ச தண்ணியில த்ராட்டிலைக் கூட்டினா வேகம் கூடாது, அமரம் கீழ உக்காந்து ப்ரொப்பெல்லர் சேற்றைக் கிளறும். பின்னாடி அலை உடைஞ்சு கரையில அடிச்சா வேகம் அதிகம்னு அர்த்தம். அங்க சட்டமே மணிக்கு 4 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி.

உயரம். அனல்மின் நிலையச் சாம்பல் குழாய், பாலம், கேபிள் எல்லாம் குறுக்க போகுது. பாலத்தடி இடைவெளியை ஓதம் ஏறின நேரத்துல அளக்கணும், தண்ணி ஆழத்தை வத்தின நேரத்துல. சென்னைக் கரையில பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஒரு மீட்டர் அளவு ஏறி இறங்கும். போறப்ப நுழைஞ்ச பாலம் வர்றப்ப நுழைய விடாது. புகைக்குழாயைக் கழட்டுற மாதிரி வையுங்க, அங்கயும் அப்படித்தான் வச்சிருக்காங்க.

பதில் 5: லாக்கு_கணக்கு

10 அடின்னா அது நாரோபோட்டே இல்லையே! அங்க அதுக்கு வேற பேரு, அகலப் படகு. ஆனா முகத்துவாரம் சொல்றது சரி, வாதாடல. வெளித்தோற்றத்துக்குப் பக்கத்துல கட்டம் போட்ட பலகை, அமரத்துல வளைஞ்ச சுக்கான்பிடி, பெயின்ட்டு இதெல்லாம் போதும்.

பதில் 6: அடுப்பும்_படுக்கையும்

கரி அடுப்பைக் காட்சிக்கு மட்டும் வையுங்க. சென்னை வெயில்ல 4 எம்எம் கூரைக்கு அடியில யாரும் அடுப்பு மூட்ட மாட்டாங்க. அவங்க குளிருக்குப் போடுற ஃபோம்தான் நமக்கு வெயிலுக்கு, கூரைக்கு ரெண்டு அங்குலம், அதுக்கு மேல ஒரு துணிப்பந்தல். இட்லி வேகவச்சா ஆவி முழுக்க தகட்டுல படிஞ்சு மெத்தைக்கடியில பூஞ்சை பிடிக்கும், மெத்தைக்கு அடியில துளை போட்ட பலகையும் கூரைல காளான் மூடி வெண்டிலேட்டரும் வேணும்.

கேஸ் சிலிண்டரை உள்ள வைக்கவே கூடாது. எல்பிஜி காத்தைவிட கனம், கசிஞ்சா அடித்தகட்டுல போய்த் தேங்கும். வீட்டுல ஜன்னலைத் திறந்தா போயிடும், படகு அடியில போக வழியே இல்ல, அடியில தேங்குற தண்ணியை இறைக்கிற பில்ஜ் பம்ப் ஸ்விட்சு ஆன் ஆனாப் போதும், அந்தப் பொறியில வெடிச்சுடும். சிலிண்டருக்கு அணியத்துல தனி அறை, உள்பக்கத்தோட எந்த ஓட்டையும் இல்லாம. அதோட தரையில முக்கால் அங்குல ஓட்டை, அது வெளிப்பக்கமா தண்ணி மட்டத்துக்கு மேல திறக்கணும். அந்த ஓட்டை மேல கயிற்றுச் சுருளைப் போட்டு அடைக்கிறதுதான் வழக்கமான தப்பு.

பதில் 4-இன் தொடர்ச்சி: முகத்துவாரம்

காகிதம் பத்தி ஒரு வரி. 2021ஆம் வருஷ உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி சர்வேயும் பதிவும் வேணும், ஆள் ஏத்திக் காசு வாங்குனா கட்டாயம். பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம், அங்க ராத்திரி தங்குறதுக்கு வனத்துறையைக் கேக்காம பார்ட்டிகிட்ட அட்வான்ஸ் வாங்காதீங்க.

தகடு_வெல்டர்_காசிமேடு

சரி. 40க்கு 10, பின்னறை மட்டும் பழைய மாடல், நடுவுல ரெண்டு பேருக்கு கேபின், தொட்டி 12 சதுர அடி. கிராதியை எவ்வளவு உயரத்துல வைக்கட்டும்?

பதில் 7: ஷாஃப்ட்_கிளாண்ட்

முழு லோடு, டீசல், தண்ணி எல்லாம் ரொப்பி, நாலு பேரையும் ஒரே பக்கம் நிக்க வச்சுட்டு, அப்பவும் தண்ணிக்கு மேல ரெண்டு அடி இருக்கணும். தண்ணியில இறக்குறதுக்கு முன்னாடி ஓட்டை போடாதீங்க. மிதக்க விட்டுக் கோடு போட்டுட்டு அப்புறம் வெட்டுங்க.